கடலை எடுக்கும் இயந்திரமும் அதைத் திருத்தும் கையும்



என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறார். அண்மையில் அவரைப் பிரிக்ஃபீல்ட்ஸில் சந்தித்தேன். ஆளுக்கொரு கச்சான் பொட்டலம் வாங்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தபோது, “ஐயா, எல்லா வேலைக்கும் இயந்திரம் வந்துவிட்டால் நம் கைக்கு என்ன வேலை?” என்று கேட்டார். கையிலிருந்த கடலையை வைத்தே அவருக்குப் பதில் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

நாம் நிலக்கடலை என்கிறோம். மலாய்க்காரர்கள் ‘காச்சாங் தானா’ என்கிறார்கள். ‘தானா’ என்றால் மண். இரண்டு மொழிகளும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. கடலைச் செடி மண்ணுக்கு மேலே பூக்கிறது. பிறகு அந்தப் பூவிலிருந்து விழுது ஒன்று இறங்கி, மண்ணுக்குள் புகுந்து காயாகிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விளைவதால், அறுவடைதான் கடினமான வேலை.

தமிழ்நாட்டில் மண் ஈரமாக இருக்கும்போது செடியைக் கையால் பிடுங்குவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயை ஆய்வார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் மிகப் பெரிய அளவில் கடலை பயிராகிறது. அங்கே இந்த வேலையை இரண்டு இயந்திரங்கள் செய்கின்றன.

முதல் இயந்திரம் டிராக்டரின் பின்னால் போகும். அதன் கத்தி மண்ணுக்குள் சென்று, காய்களுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டுகிறது. சங்கிலி செடியை மேலே தூக்கி மண்ணை உதறுகிறது. பிறகு செடியைத் தலைகீழாகப் புரட்டி, காய்கள் வெயிலைப் பார்க்கும்படி வரிசையாகப் போடுகிறது.

இங்கே கத்தியின் ஆழம்தான் உயிர்நாடி. ஆழம் குறைந்தால் கத்தி காயையே அறுத்துவிடும். ஆழம் கூடினால் மண்கட்டி சேர்ந்து வந்து காயை உதிர்த்துவிடும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கத்தி மேலாகப் போனால் பால் குறையும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும். நடுவிலுள்ள அந்த மெல்லிய அளவு கைக்குத்தான் தெரியும்.

சங்கிலியின் வேகமும் டிராக்டரின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். சங்கிலி மிக விரைவாக ஓடினால் செடியைப் பிய்த்துக் காயை உதிர்க்கும். மெதுவாக ஓடினால் செடிகள் முன்னால் குவிந்து அடைத்துக்கொள்ளும்.

தோண்டும்போது காயின் எடையில் ஏறத்தாழப் பாதி வரை ஈரம் இருக்கும். இரண்டு மூன்று நாள் காய்ந்து, அது 100க்கு 20 என்ற அளவுக்கு வந்ததும் இரண்டாவது இயந்திரமான கம்பைன் வருகிறது. அது கொடிகளை வாரி எடுக்கிறது. பல் வைத்த உருளைகள் காயைக் கொடியிலிருந்து பிரிக்கின்றன. விசிறி சருகை ஊதித் தள்ளுகிறது.

இதையும் திருத்தி வைக்க வேண்டும். உருளை அளவுக்கு மீறிச் சுழன்றால் ஓடு உடையும். விசிறிக் காற்று மிகுந்தால் நல்ல காயும் சருகோடு பறந்துவிடும்; குறைந்தால் சருகும் காயோடு தொட்டியில் சேரும். காலைப் பனியில் கொடி துவண்டு நார்போல இருக்கும். நண்பகலில் அதே கொடி மொறமொறவென்று ஒடியும். ஆகவே காலையில் வைத்த வேகம் நண்பகலுக்குப் பொருந்தாது. அனுபவமுள்ள ஓட்டுநர் அடிக்கடி வண்டியை நிறுத்தி, பின்னால் நடந்து போய்ப் பார்ப்பார். தரையில் எத்தனை காய் கிடக்கிறது? தொட்டியில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது? இந்த இரண்டையும் பார்த்துத்தான் அடுத்த திருத்தம். அந்தத் திருத்தத்துக்குக் கை வைக்கும் முன் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிட வேண்டும். சுழலும் உருளைக்கு விரல் எது, கொடி எது என்று தெரியாது.

ஓடு உடைந்தால் என்ன, பருப்புதானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஓடுதான் பருப்புக்குக் காவல். அது உடைந்து, உள்ளே ஈரமும் இருந்தால் பூஞ்சணம் எளிதாகப் பிடிக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவை தின்ற கடலைப் புண்ணாக்கில் பூஞ்சண நஞ்சு இருந்தது. அஃப்லாடாக்சின் என்று பின்னர் பெயர் பெற்ற அந்த நஞ்சு மனிதரின் ஈரலையும் கெடுக்கும். வறுத்தாலும் முழுவதும் போகாது. ஆகவே தாய்மார்களே, பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் கடலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

இனி, அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். கையால் ஆய்ந்த பலரின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது உண்மை. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் பனியையும் வெயிலையும் மண்ணையும் பார்த்து, தன் ஆழத்தையும் வேகத்தையும் தானே மாற்றிக்கொள்ள அந்த இயந்திரங்களுக்குத் தெரியாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும்.

நம் நாட்டிலும் மலேசியச் செம்பனை வாரியம் ‘சந்தாஸ்’ என்ற மோட்டார் அரிவாளை உருவாக்கியிருக்கிறது. குலை வெட்ட அதைத் தூக்கிப் பிடிப்பவர் ஒருவர். பழுதைக் கண்டு திருத்தி, அரிவாளைத் தீட்டி வைப்பவர் இன்னொருவர். ஒருவரே இரண்டையும் கற்றுக்கொண்டால் அவரை எளிதில் விட்டுவிட யாருக்கும் மனம் வராது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பழைய சைக்கிளைப் பிரித்துப் போட்டால் திட்டாதீர்கள். திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். பள்ளியில் கணக்கும் அறிவியலும் ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் தொழிற்பயிற்சிக்கு அனுப்புங்கள். பால்மரத்தில் அளவறிந்து வெட்டிய கைகளின் பிள்ளைகளுக்கு இயந்திரத்தின் அளவும் பிடிபடும்.