நோன்பு நாளில் உடல் போடும் கணக்கு

தென்காசியை அடுத்த கடையநல்லூரில் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். ரமலான் மாதத்தில் அவர்கள் வைகறைக்கு முன்பே சஹர் உணவை முடித்துக்கொள்கிறார்கள். கதிரவன் மறைந்தபின் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் உண்டு நோன்பு திறக்கும் வரை, ஏறத்தாழ 13 மணி நேரம், உணவும் இல்லை, நீரும் இல்லை. ஆயினும் கடையில் வியாபாரமும் பள்ளியில் பாடமும் வழக்கம்போல் நடக்கின்றன. இது எவ்வாறு இயலுகிறது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடல்நலமுள்ள ஒருவர் உண்டு பல மணி நேரம் ஆனபின், அவருடைய இரத்தம் முழுவதிலும் கரைந்துள்ள குளுக்கோஸ் 4 அல்லது 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் அளவு! மூளையோ நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகிறது. அதாவது மணிக்கு 5 கிராம். இரத்தத்தில் உள்ள கையிருப்பை மட்டும் நம்பினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆனால், நலமுள்ள நோன்பாளியின் இரத்தத்தை மாலையில் சோதித்தாலும் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 70 முதல் 100 மி.கி. வரை குளுக்கோஸ் இருக்கக் காணலாம்.

எதிர்ப் பின்னூட்டம்

இந்த விந்தையின் அடிப்படை ‘பின்னூட்டம்’ என்னும் ஏற்பாடு ஆகும். ஒரு செயலின் விளைவு திரும்பி வந்து அச்செயலையே மாற்றுவதுதான் பின்னூட்டம். வீட்டின் மேல்நிலைத் தொட்டியில் மிதக்கும் பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் உயர்ந்தால் பந்தும் உயர்ந்து குழாயை அடைக்கிறது. மட்டம் தாழ்ந்தால் குழாய் திறக்கிறது. ஏற்பட்ட மாற்றத்துக்கு எதிர்த்திசையில் வேலை செய்வதால் இதனை எதிர்ப் பின்னூட்டம் என்கிறோம்.

நம் கணையத்தில் உள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் அந்தப் பந்தின் வேலையைச் செய்கின்றன. உண்டபின் குளுக்கோஸ் உயர்ந்தால், அங்குள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. குளுக்கோஸ் தசைகளுக்குள் செல்கிறது. கல்லீரலில் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. நேரம் செல்லச் செல்ல குளுக்கோஸ் குறையும்போது, இன்சுலின் சுரப்பு அடங்குகிறது. ஆல்பா செல்கள் குளுக்ககானைச் சுரக்கின்றன. உடனே கல்லீரல் தன் சேமிப்பான ஏறத்தாழ 100 கிராம் கிளைக்கோஜனைச் சிறிது சிறிதாகக் குளுக்கோஸாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. சேமிப்பு குறையும்போது அமினோ அமிலம், லாக்டிக் அமிலம், கிளிசரால் ஆகியவற்றிலிருந்தும் குளுக்கோஸைத் தயாரிக்கிறது. தசைகள் கொழுப்பை எரித்து, குளுக்கோஸை மூளைக்கு மிச்சப்படுத்துகின்றன.

கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்பதை 1848-இல் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட் கண்டறிந்தார். உடல் தன் உள்நிலையை இவ்வாறு மாறாமல் காத்துக்கொள்வதற்கு ‘ஹோமியோஸ்டாசிஸ்’ என்று 1926-இல் பெயரிட்டவர் அமெரிக்க உடலியலார் வால்ட்டர் கேனன்.

நீரும் இவ்வாறே காக்கப்படுகிறது. இரத்தம் சற்றே செறிவடைந்ததும் மூளையின் ஹைப்போதலாமஸ் அதை உணர்கிறது. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோபிரெசின் வெளிப்படுகிறது. சிறுநீரகங்கள் நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. பிற்பகலில் சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாவது இதனால்தான். குற்றால அருவியில் நெடுநேரம் நின்றால் உடல் நடுங்குவதும் எதிர்ப் பின்னூட்டமே. தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டி மீண்டதும் நடுக்கம் நின்றுவிடுகிறது.

நேர்ப் பின்னூட்டம்

விளைவு, தன்னை உண்டாக்கிய செயலை மேலும் தூண்டினால் அது நேர்ப் பின்னூட்டம். பிரசவம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. குழந்தையின் தலை கருப்பைவாயை அழுத்துகிறது. அச்செய்தி நரம்புகள் வழியே மூளையை எட்ட, ஆக்சிடோசின் சுரக்கிறது. கருப்பை வலுவாகச் சுருங்குகிறது. தலை இன்னும் அழுத்துகிறது. ஆக்சிடோசினும் இன்னும் மிகுகிறது. குழந்தை வெளிவந்ததும் அழுத்தம் நீங்கிச் சுற்று முடிகிறது. முடிவு ஒன்று இருப்பதால்தான் இது நன்மை பயக்கிறது. முடிவில்லாத நேர்ப் பின்னூட்டம் ஆபத்தானது.

சுற்று அறுந்தால்?

நீரிழிவு நோயில் அறுந்துபோவது, நாம் மேலே கண்ட குளுக்கோஸ் சுற்றுதான். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. இவர்களில் நோன்பு நோற்பவர்கள் இரண்டு ஆபத்துகளை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ஊசியால் செலுத்திய இன்சுலினுக்கு இரத்தத்தின் நிலை தெரியாது. கணையம் சுரக்கும் இன்சுலின் குளுக்கோஸ் குறைந்ததும் அடங்கிவிடும்; ஊசி மருந்தோ போட்ட அளவுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் குளுக்கோஸ் குறைந்த நேரத்திலும் இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்துவிட்டதன் எச்சரிக்கைகள். கவனியாவிட்டால் மயக்கமும் உயிராபத்தும் நேரலாம்.

இரண்டாவது, இதற்கு அஞ்சி மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவது. அப்போது குளுக்கோஸ் ஏறுகிறது. மிகுதியான குளுக்கோஸ் சிறுநீரில் வெளியேறும்போது நீரையும் இழுத்துச் செல்கிறது. உடல் வறண்டு நலிய, அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் மிகுந்து குளுக்கோஸை மேலும் ஏற்றுகின்றன. தானாக முடியாத நேர்ப் பின்னூட்டம் இதுவே.

அறுந்த சுற்றை மீண்டும் இணைக்க அறிவியல் முயன்று வருகிறது. குளுக்கோஸை இடைவிடாது அளக்கும் உணர்கருவி, இன்சுலின் பம்ப், கணிப்பொறி மூன்றையும் இணைத்து, அடிப்படை இன்சுலின் அளவைத் தானே மாற்றும் முதல் கருவிக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அத்தகைய கருவி இல்லாதவர்களுக்கு அடிக்கடி செய்யும் இரத்தச் சோதனையே பின்னூட்டம். எனவே நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா என்பதையும், மருந்தின் அளவையும் வேளையையும் கேட்டறிய வேண்டும். நோன்பின்போது குளுக்கோஸ் 70 மி.கி.க்குக் கீழே இறங்கினாலும் 300 மி.கி.க்கு மேலே ஏறினாலும் நோன்பை உடனே முடித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. நோயாளிகளுக்கு மார்க்கமும் விலக்கு அளித்திருக்கிறது.