புதுசா ஒரு இசைக்குழு: முதல் ஸ்பீக்கர், மைக், மிக்சர் வாங்குமுன் என்ன கவனிக்க வேண்டும்?

நாலு பேர் சேர்ந்து இசைக்குழு ஆரம்பிச்சாச்சு. கீபோர்ட், கிட்டார், தபலா, ஒரு பாடகர். சமூக மன்றத்தில் பொங்கல் நிகழ்ச்சி, தெரிந்தவர் வீட்டுத் திருமண வரவேற்பு என வாய்ப்புகளும் எட்டிப் பார்க்கின்றன.

அடுத்த கேள்வி: ஒலிக்கருவிகளுக்கு எவ்வளவு செலவு செய்வது?

கடையிலும் இணையத்திலும் "1,000 வாட்", "2,000 வாட்", "10 சேனல்" என்று பெரிய எண்கள்தான் முதலில் கண்ணில் படும். தேசிய சேவைப் படித்தொகையிலும் பகுதிநேர வேலையிலும் சேர்த்த பணம், எண்ணைப் பார்த்து வாங்கினால் வீணாகிவிடலாம்.

சிறிய குழுவின் ஒலியமைப்புக்கு முதல் வேலை ஒன்றுதான். பாடகரின் குரலைக் கடைசி வரிசைவரை தெளிவாகக் கொண்டுபோக வேண்டும். எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.

வாங்கத்தான் வேண்டுமா?

சமூக மன்ற அரங்குகள், பள்ளி மண்டபங்கள் பலவற்றில் ஒலியமைப்பு ஏற்கெனவே இருக்கும். ஏற்பாட்டாளரிடம் "எத்தனை மைக் இருக்கு? மேடையில் மானிட்டர் இருக்கா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு, மூன்று நிகழ்ச்சிதான் என்றால் வாடகைக்கு எடுப்பதே மேல். மாதந்தோறும் வாசிக்கிறீர்கள், ஒத்திகைக்கும் வேண்டும் என்றால் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

எத்தனை வாட் வேண்டும்?

வாட் என்பது ஸ்பீக்கருக்குள் போகும் மின்சக்தி. வெளியே வரும் ஒலியின் அளவு அதுவல்ல.

வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு அது சிறிய வித்தியாசம். சத்தம் இரு மடங்காகக் கேட்க வேண்டும் என்றால் சுமார் 10 மடங்கு சக்தி தேவை.

ஓர் உதாரணம். ஒரு ஸ்பீக்கரின் 'சென்சிடிவிட்டி' 98 டெசிபெல், இன்னொன்றுக்கு 92 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 100 வாட்டில் தரும் ஒலியைத் தர, இரண்டாவதுக்கு 400 வாட் வேண்டும்! அட்டைப்பெட்டியில் பெரிய எண் இருப்பது இரண்டாவதில்தான்.

அதோடு, பெட்டியில் அச்சிடப்படுவது பெரும்பாலும் 'பீக்' அளவு. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குத் தாங்கும் உச்ச அளவு அது. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோ இருக்கலாம். எனவே வாட்டைப் பார்க்காமல் 'மேக்ஸ் எஸ்பிஎல்' என்று குறிப்பிட்டிருக்கும் அதிகபட்ச ஒலி அளவைப் பாருங்கள்.

எந்த ஸ்பீக்கர்?

ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் 'ஆக்டிவ்' ஸ்பீக்கர் தொடக்கநிலைக் குழுக்களுக்கு வசதி. தனி ஆம்ப்ளிஃபையர் தூக்க வேண்டாம். எது எதற்குப் பொருந்தும் என்று தலையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

- 50 முதல் 80 பேர் அமரும் அறைக்கு 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் பொதுவாகப் போதும்.
- பட்ஜெட் இடிக்கிறதா? மலிவான இரண்டைவிட நல்லதாக ஒன்று வாங்கலாம். குரலுக்கு ஸ்டீரியோ அவசியமில்லை.
- ஸ்டாண்டை மறக்க வேண்டாம். தரையில் வைத்த ஸ்பீக்கரின் ஒலியை முன்வரிசையில் இருப்பவர்களின் உடம்பே தடுத்துவிடும். தலைக்கு மேல் உயர்த்தினால் அதே ஸ்பீக்கர் இன்னும் தூரம் எட்டும்.
- சப்வூஃபரைத் தள்ளிப்போடலாம். குரல், கிட்டார், தபலாவுக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை.

திறந்தவெளியில் கணக்கு மாறும். அங்கே தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பிக் கொஞ்சம் கைகொடுக்கும். வெளியில் அந்த உதவி கிடையாது.

சேனல் எண்ணிக்கையில் ஒரு சூட்சுமம்

"10 சேனல் மிக்சர்" என்றால் 10 மைக் சொருகலாம் என்று நினைப்பது இயல்பு. யமஹா எம்ஜி10 மிக்சரில் மைக்குக்கான இணைப்புகள் 4தான். மற்றவை கீபோர்ட், கைப்பேசி போன்றவற்றுக்கான 'லைன்' இணைப்புகள். இது குறையல்ல. சேனல்களை எண்ணும் முறையே அப்படி.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்:

- பாடகர், துணைக்குரல்: 2 மைக்
- தபலா: 2 மைக் (இரண்டு தனித் தனி வாத்தியம், மிருதங்கத்துக்கும் இரு பக்கம்)
- அக்கூஸ்டிக் கிட்டார்: 'டிஐ பாக்ஸ்' வழியாக 1 மைக் இணைப்பு
- கீபோர்ட்: 1 ஸ்டீரியோ லைன் இணைப்பு

ஆக மைக் இணைப்பு மட்டும் 5. ஆறு இருக்கும் மிக்சர் வாங்கினால், நாளைக்குப் புல்லாங்குழல் வாசிக்க ஒருவர் சேர்ந்தாலும் சமாளிக்கலாம். உறுமி இருக்கிறதா? சின்ன அறையில் அதற்கு மைக்கே வேண்டாம்!

இன்னொன்று: மிக்சரில் 'ஆக்ஸ்' வெளியீடு இருக்கிறதா என்று பாருங்கள். பாடகர் தன் குரலைக் கேட்க, தனி மானிட்டர் ஸ்பீக்கருக்கு ஒலி அனுப்புவது அதன் வழியாகத்தான்.

மைக்: எதை நம்பி வாங்குவது?

மேடையில் பாட 'டைனமிக்' வகை மைக் போதும். கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. 1966இல் அறிமுகமான ஷுவர் எஸ்எம்58 இன்றும் உலகெங்கும் மேடைகளில் இருப்பதற்கு அது ஒரு காரணம். அதற்குப் போலிகளும் அதிகம். பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். வேறு நிறுவனங்களின் மலிவான, அசல் மைக்குகள் போலியைவிட எவ்வளவோ மேல்.

கம்பியில்லா மைக் ஸ்டைல்தான். ஆனால் அதே பணத்துக்குக் கம்பி உள்ள மைக்கில்தான் தரம் அதிகம். அனுமதிக்கப்படும் அலைவரிசைகளும் நாட்டுக்கு நாடு மாறும். வெளிநாட்டு இணையக்கடையில் வாங்குமுன், அது சிங்கப்பூரில் அனுமதிக்கப்பட்ட அலைவரிசையா என்று சரிபாருங்கள்.

'கீச்...' சத்தம் ஏன் வருகிறது?

ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்குக்குள் நுழைந்து, பெரிதாகி, மறுபடியும் ஸ்பீக்கர் வழியே வெளியேறும். இந்தச் சுழற்சிதான் ஃபீட்பேக். பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் இது தீராது. தீர்க்கும் வழிகளுக்குச் செலவே இல்லை:

- ஸ்பீக்கர்களைப் பாடகருக்கு முன்னால், ரசிகர்களைப் பார்த்து வையுங்கள். பின்னால் வைக்கவே கூடாது.
- மைக்கின் வாய், உதட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.
- மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள். பின்பக்க ஒலியைத் தவிர்க்கும் அதன் தன்மை கெட்டுவிடும்.
- பயன்படுத்தாத மைக்கை அணையுங்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால், ஃபீட்பேக் வருமுன் ஏற்றக்கூடிய ஒலி 3 டெசிபெல் குறையும்.

முக்கியமான இன்னொரு வழி, வாத்தியங்களின் சத்தத்தைக் குறைப்பது. சின்ன அறையில் முழு டிரம்ஸ் வாசித்தால் பாடகரின் குரலை அதற்கு மேல் ஏற்ற இடமே இருக்காது. டிரம்ஸுக்குப் பதில் கஹோன், கிட்டார் ஆம்ப்ளிஃபையரைக் காதை நோக்கிச் சாய்த்து வைப்பது... குரல் தானாக மேலே வரும்.

காசு எப்படிப் பிரிப்பது?

கையில் 1,500 வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதியை ஸ்பீக்கருக்கு ஒதுக்கலாம். கால் பங்கு மிக்சருக்கு. மிச்சம் மைக், ஸ்டாண்ட், கேபிள்களுக்கு. ஒவ்வொரு வகையிலும் ஒரு கேபிள் கூடுதலாக வாங்குங்கள். நிகழ்ச்சி நாளில் முதலில் காலை வாருவது பெரும்பாலும் கேபிள்தான்.

பழைய பொருள் வாங்கினால் செலவு நன்றாகக் குறையும். பார்க்கப் போகும்போது சொந்த மைக்கையும் கேபிளையும் எடுத்துச் செல்லுங்கள்.

- மிக்சரின் ஒவ்வொரு இணைப்பிலும் மைக்கைச் சொருகிப் பேசிப் பாருங்கள்.
- எல்லாத் திருகுகளையும் திருப்புங்கள். கரகரவென்று கேட்டால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.
- ஸ்பீக்கரில் பாட்டைச் சத்தமாக ஒலிக்கவிட்டு, அதிர்வு அல்லது 'டர்ர்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.
- மின்னழுத்தத்தைப் பாருங்கள். இங்கே 230 வோல்ட். அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கலாம்.

காதும் அக்கம்பக்கமும்

மேடை, நடன அரங்கு போன்ற இடங்களில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. நிகழ்ச்சி முடிந்தபின் காதில் 'ஙொய்ய்' என்று ஒலித்தால், அன்று சத்தம் அதிகம் என்று பொருள். வாரந்தோறும் ஒத்திகை பார்ப்பவர்கள் காதடைப்பான் வாங்குவது நல்லது. இழந்த செவித்திறன் திரும்ப வராது.

புளோக்கின் கீழ்த்தளத்தில் வாசிக்க நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். தெருவோரக் கலைஞராக வாசிக்க தேசியக் கலைகள் மன்றத்தின் உரிமம் வேண்டும். பேட்டரி ஸ்பீக்கர் வாங்குமுன், அந்த இடத்தில் ஒலிபெருக்கிக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு ஒரு சோதனை

முதல் நிகழ்ச்சிக்கு முன், ஒத்திகையை ஒரு முறை கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கைப்பேசி கடைசி வரிசையில் இருக்கட்டும். பாட்டு தெரியாத ஒருவரிடம் அதைப் போட்டுக் காட்டுங்கள்.

பாடல் வரிகள் அவருக்குப் புரிந்தால், உங்களிடம் இருப்பதே போதும். புரியவில்லை என்றால், ஒலியைக் கூட்டுமுன் வாத்தியங்களைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.