பற்றீரியாவைத் தாக்கும் வைரசின் மரபுப் பொருள்

உயிரினங்களின் இயல்புகளை வழிவழியாகக் கொண்டு செல்லும் பொருள் புரதமா, டி.என்.ஏ. என்னும் நியூக்கிளிக்கமிலமா என அறிஞர் நெடுநாள் ஐயுற்றனர். பலர் புரதத்தையே சுட்டினர்.

ரீ2 என்னும் வைரசு, புரத உறையும் அதனுள் அடங்கிய டி.என்.ஏ.யும் உடையது. பற்றீரியாவின் புறத்தே ஒட்டி, உள்ளே ஒரு பொருளைச் செலுத்தித் தன்னினத்தைப் பெருக்குவது. அப்பொருள் யாதென அறியின் ஐயம் நீங்கும்.

கந்தகம் புரதத்திலும் பொசுபரசு டி.என்.ஏ.யிலுமே உளவாதலின், 1952 இல் ஹேர்ஷி, மார்த்தா சேஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் கதிர்த்தொழிற்பாடுடைய அவ்விரு மூலகங்களால் அவற்றை அடையாளமிட்டனர். வைரசு தொற்றிய பற்றீரியாவைக் கலக்கும் பொறியிலிட்டுச் சுழற்றியபோது, கந்தகத்தின் பெரும்பகுதி கழன்றது. பொசுபரசின் பெரும்பகுதி உள்ளே நின்றது. புதிய வைரசுகளிற் பழைய பொசுபரசு நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையாது காணப்பட்டது. கந்தகமோ 1 பங்கினுங் குறைவு.

உறை வெளியே நிற்க, உள்ளீடே மரபை ஈந்தது. சில பற்றீரிய வைரசுகளில் இப்பணி ஆர்.என்.ஏ.க்குரியது, எதிலும் புரதத்துக்கன்று.