நாள் தள்ளிப் போகும் முன்பே

ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் நான் நர்ஸ். லைனில் நிற்கும் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு இருபதைத் தாண்டிச் சில வருஷம்தான் ஆகியிருக்கும். கல்யாணமான பிறகும் வேலையை விடாதவர்கள், நாள் தள்ளிப் போய் ஒரு மாதம் கழித்து, நைட் ஷிஃப்ட்டில் தலை சுற்றுகிறது என்று வருவார்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைப் பற்றி அப்போதுதான் பேச்சே வரும். அதற்குள் அந்த மாத்திரை காக்க வேண்டிய கட்டம் முடிந்திருக்கும்.

கருத்தரித்த மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகுப் பக்கத்தில் செல்கள் தட்டையாகப் பரவியிருக்கும். நடுவில் பள்ளம் விழும். இரண்டு ஓரமும் எழும்பி ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக் குழாயாகும். மூளை, தண்டுவடம் இரண்டுமே இந்த ஒரே குழாயிலிருந்து வருபவை. ஏறத்தாழ 28ஆம் நாளுக்குள் இரு முனைகளும் மூடிவிட வேண்டும். கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் ஸ்பைனா பைஃபிடா என்ற தண்டுவடக் குறை. தலைப்பக்கம் மூடாவிட்டால் குழந்தை பிழைக்காது. மாதவிலக்கு தவறுவதே கருத்தரித்து இரண்டு வாரம் கழித்துத்தான் என்பதால், தாய்க்கு மிச்சம் இருப்பது இன்னும் இரண்டு வாரம்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட குறையுள்ள குழந்தையைச் சுமந்த பெண்களை வைத்துப் பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் நடத்திய பரிசோதனையின் முடிவு 1991இல் வந்தது. ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டவர்களுக்கு அது மறுபடி வரும் ஆபத்து 72 சதவீதம் குறைந்திருந்தது. மற்ற பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு தினம் 400 மைக்ரோகிராம், அதுவும் குழந்தைக்கு முயற்சி செய்யும்போதே. அதனால் கல்யாணப் பத்திரிகை வைக்க வரும் பெண்ணிடமே நான் இதைச் சொல்லிவிடுவேன். சிலர் வெட்கப்படுவார்கள். பரவாயில்லை.

இந்தக் குழாயை ஒருநாள் பேப்பரில் வரைந்து காட்டியபோது அசெம்பிளி லைன் பெண் ஒருத்தி கேட்டாள்: "இத்தனை செல்லுக்கும் யாரு சிஸ்டர் சூப்பர்வைசர்?"

"யாரும் இல்லம்மா. பக்கத்துல இருக்கறதுங்க அனுப்பறதை வெச்சு ஒவ்வொண்ணும் தானே முடிவு பண்ணிக்கும்."

குழாய்க்கு அடியில் நோட்டோகார்டு என்றொரு தண்டு இருக்கிறது. அது 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற புரதத்தைச் சுரக்கும். அடியில் இருக்கும் செல்களுக்கு அது நிறையக் கிடைக்கும். மேலே போகப் போகக் குறையும். மேல் பக்கத்திலிருந்து பி.எம்.பி. என்ற வேறு புரதங்கள் வரும். எது எவ்வளவு, எத்தனை நேரம் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு செல் கைகாலை அசைக்கும் நரம்பாவதும், சூட்டையும் வலியையும் மூளைக்குக் கடத்தும் நரம்பாவதும். செல்லின் சவ்வில் 'பேட்ச்டு' என்ற ஏற்பி, 'ஸ்மூதண்டு' என்ற இன்னொரு புரதத்தை அடக்கியே வைத்திருக்கும். ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டில் உட்கார்ந்ததும் அந்தப் பிடி தளரும். செய்தி உட்கருவரை போய் ஜீன்களைத் தட்டி எழுப்பும்.

இந்தச் செய்தி தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதை விஞ்ஞானிகளுக்கு முன்னால் ஆட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நெற்றி நடுவில் ஒற்றைக் கண்ணோடு செம்மறிக் குட்டிகள் பிறந்தன. பரம்பரைக் கோளாறு என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் பழி மலைப்பக்கம் விளையும் ஒரு காட்டுச் செடியின் மேல் விழுந்தது. சினைப்பட்ட 14ஆம் நாள் வாக்கில் அதை மேய்ந்த ஆடுகளுக்குத்தான் இப்படிக் குட்டி பிறந்தது. சில நாள் தள்ளி மேய்ந்திருந்தால் கண் தப்பியது. செடியில் இருந்த சைக்ளோபமைன் நேராக ஸ்மூதண்டைப் போய்த் தடுக்கிறது என்பது பல வருஷம் கழித்துத் தெரியவந்தது. இரண்டு கண்ணாகப் பிரிய வேண்டும் என்ற செய்தி அந்தக் குட்டிகளுக்குப் போய்ச் சேரவே இல்லை.

நம் நாட்டிலும் இந்தத் துறையில் நல்ல வேலை நடக்கிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுபா டோலே குழு 2008இல் எலிக் கருக்களின் மூளையில் சில செல்களிலிருந்து எல்.எச்.எக்ஸ்.2 என்ற ஜீனை மட்டும் நீக்கிப் பார்த்தது. அந்தச் செல்கள் மூளைப் புறணியாவதை விட்டுவிட்டு, செய்தி அனுப்பும் மையங்களாக மாறிக்கொண்டன. அவற்றை அடுத்திருந்த சாதாரணச் செல்கள், ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸாக, வரக் கூடாத இடங்களில் எல்லாம் உருவாயின. அண்டையில் யார் இருக்கிறார்கள் என்பதே அவற்றின் விதியை மாற்றிவிட்டது.

எங்கள் கம்பெனி பஸ் போகிற வட்டாரத்தில், பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தில் இருக்கும் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், அதோடும் சென்னை மெடிஸ்கேனோடும் சேர்ந்து, 2024 டிசம்பரில் 'தரணி' என்ற சிசு மூளை வரைபடத்தை வெளியிட்டது. 14 முதல் 24 வாரம் வரையிலான சிசு மூளைகளைச் சீவி, சாயமேற்றி எடுத்த 5,132 வெட்டுப் படங்கள் அதில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். 14 வார மூளையின் மேல்பரப்பு வழவழவென்றிருக்கும். 24 வாரத்தில் மடிப்புகள் விழத் தொடங்கியிருக்கும்.

அந்த வாரங்களில் நரம்பு செல்கள் உள்ளே பிறந்து வெளிப்பக்கம் நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். பிந்திப் பிறந்தவை முந்திப் பிறந்தவற்றைத் தாண்டி மேலே போய் அமரும். அதற்கு வழிகாட்டுவது 'ரீலின்' என்ற புரதம். அது இல்லாத எலியில் இந்த அடுக்கு ஏறக்குறைய தலைகீழாகிவிடும். எலி தள்ளாடித்தான் நடக்கும். 1951இலேயே அப்படியோர் எலி இனத்தை விவரித்துவிட்டார்கள். காரணமான ஜீன் கிடைக்க 1995 ஆனது. அதே ஜீன் பழுதாகி, மடிப்பு சரியாக விழாத மூளையோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு என்பது 2000இல் உறுதியானது.