அடங்காத இரத்த அழுத்தம், ஏறும் சர்க்கரை: ஆல்டோஸ்டிரோனைக் கவனியுங்கள்

மூன்று மாத்திரை போட்டும் பிபி 150-க்குக் கீழே இறங்கவில்லை. சர்க்கரையும் மெல்ல ஏறுகிறது. "நீங்கள் உப்பைக் குறைக்கவில்லை" என்று வீட்டில் எல்லோரும் நோயாளியையே குறை சொல்கிறார்கள். காரணம், அவருடைய அட்ரீனல் சுரப்பியிலும் இருக்கலாம்.

ஆல்டோஸ்டிரோன் மிகுந்தால் என்ன ஆகும்?

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளில் ஊறும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன். உடலில் சோடியத்தை நிறுத்திவைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவது இதன் வேலை. தேவைக்கு மேல் சுரந்தால் உப்பும் நீரும் தேங்கி அழுத்தம் கூடும். அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955-இல் விவரித்த இந்த நிலை, 'கான் நோய்க்குறி' எனப்படுகிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு ஆல்டோஸ்டிரோன் மிகை இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

சர்க்கரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பொட்டாசியம் குறைந்தால் கணையம் போதிய இன்சுலினைச் சுரக்காது. மிகையான ஆல்டோஸ்டிரோனால் கொழுப்புத் திசுவிலும் அழற்சி மூளும். சுரக்கும் இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. தொப்பைக் கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் போன்றவையோ அட்ரீனலை மேலும் தூண்டும். இப்படி உடற்பருமனும் ஆல்டோஸ்டிரோனும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. அழுத்தம் ஒரே அளவில் இருந்தாலும், ஆல்டோஸ்டிரோன் மிகுந்தவர்களுக்குப் பக்கவாதமும் இதயத் துடிப்புக் கோளாறும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன.

யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்?

* மூன்று மருந்துகளுக்கும் அடங்காத அழுத்தம் உள்ளவர்கள்
* உயர் அழுத்தத்தோடு பொட்டாசியக் குறைவும் உள்ளவர்கள்
* இளம் வயதிலேயே அழுத்தம் வந்தவர்கள்
* அழுத்தத்தோடு உறக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள்

பொட்டாசியம் சரியாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பலருக்கு அது இயல்பாகவே இருக்கும். இரத்தத்தில் 'ஆல்டோஸ்டிரோன்–ரெனின் விகிதம்' என்ற பரிசோதனையைப் பார்க்க வேண்டும். சில மாத்திரைகள் முடிவை மாற்றும் என்றாலும், அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சிகிச்சை உண்டு

ஒரு பக்கச் சுரப்பியில் மட்டும் கோளாறு என்றால், லேப்ராஸ்கோப்பி மூலம் அதை அகற்றலாம். இருபுறமும் என்றால் ஸ்பைரனோலாக்டோன், எப்ளிரினோன் போன்ற மாத்திரைகள் உதவும். அப்போது பொட்டாசியம் கூடிவிடாமல் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை தேவை.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். இருமலுக்கு நல்லதென்று அதிமதுரத்தை நாள்கணக்கில் மெல்லாதீர்கள். அளவு மீறினால் அதுவும் ஆல்டோஸ்டிரோன் மிகையைப் போலவே அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும்.

மாத்திரையின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறதா? அடுத்த முறை மருத்துவரிடம், "ஆல்டோஸ்டிரோன் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.