பியானோவும் மனோதர்மமும்

யாழ் மீட்டிய பாணனொருவன் பரிசிலாகப் பெற்ற நாடே யாழ்ப்பாணம் என்பது நம் முன்னோர் வழங்கிய மரபு. அந்த யாழ் சுரமொன்றுக்கு நரம்பொன்றாகக் கட்டப்பெற்ற கருவி. அதன் இலக்கணத்தை விபுலானந்த அடிகளார் 1947 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் யாழ் நூலில் விரித்துரைத்தார். மேனாட்டுப் பியானோவும் இவ்வகையினதே. பெரிய பியானோவின் மூடியைத் திறந்து நோக்குவோர், கிடத்தி வைக்கப்பட்ட யாழொன்றையே காண்பர். இத்தாலியரான கிறிஸ்தோபோரி 1700 ஆம் ஆண்டளவில் அமைத்த இக்கருவியில், கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் எழுந்து தந்தியைத் தாக்கும். இக்காலப் பியானோவில் உள்ள கட்டைகள் 88.

ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லும் கமகம் இதில் எழாது. கமகமோ நம் இராகங்களுக்கு உயிர். இக்குறை பற்றியே, கட்டைகளையுடைய ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 ஆம் ஆண்டில் விலக்கியது. 1971 ஆம் ஆண்டளவிலேயே அத்தடை தளர்ந்தது. அவ்வாறாயின், சுரம் அசையாது நிற்கும் கருவியில் மனோதர்மத்துக்கு இடமில்லையோ?

இவ்வினாவுக்கு விடை தந்தோர் அமெரிக்கக் கறுப்பின மக்கள். 1865 ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிந்த பின்னரும் பாடசாலையிலும் அரங்கிலும் ஒதுக்கிவைக்கப்பட்ட அவர்கள், தம் பாடல்களில் சுரங்களை வளைத்துப் பாடும் வழக்கமுடையர். பியானோவில் வளைவு வாராமையின், அடுத்தடுத்த இரு கட்டைகளை ஒருங்கே அழுத்தியும், ஒன்றிலிருந்து விரலை மற்றொன்றுக்கு வழுக்கியும் அதன் சாயலைத் தோற்றுவித்தனர்.

எனினும் அவர்தம் பெருவெற்றி காலப் பிரமாணத்திலேயே அமைந்தது. ஜாஸ் காலம் எனப்படும் 1920 களில், நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியிலே, வீட்டு வாடகைக்குப் பணம் சேர்க்க நடத்தப்பட்ட விருந்துகளில் பியானோக் கலைஞர் தனித்து வாசித்தனர். ஒருவரே முழு மேளமும் ஆக வேண்டியிருந்தது. நான்கு எண்ணிக்கையுள்ள தாளத்தில், இடக்கை ஒன்றாம் மூன்றாம் எண்ணிக்கைகளில் தாழ்ந்த சுரத்தையும், இரண்டாம் நான்காம் எண்ணிக்கைகளில் நடுத்தானத்துச் சுரக்கூட்டத்தையும் தாவித் தாவி ஒலிக்கும். வலக்கையோ மெட்டை அவ்வப்போது புதுப்புது வகையாய் விரிக்கும். இணுவிலின் தவிலொலியிற் பழகிய செவிக்கு இது எளிதில் விளங்கும்: இடக்கை தவில், வலக்கை நாதஸ்வரம். வலக்கை தாள அடிக்குச் சற்று முன்னோ பின்னோ வந்து வீழ்வதை, நம் அதீத அநாகத எடுப்புக்களோடு ஒருவாறு ஒப்பிடலாம்.

இவ்விசை பெருமண்டபங்களை அடைந்த வரலாறும் அறியத்தக்கது. 1924 பெப்ரவரி 12 ஆம் நாள், நியூயோர்க் ஈயோலியன் மண்டபத்தில் ஜோர்ஜ் கேர்ஷ்வின் தம் ‘றப்சடி இன் புளூ’ என்னும் படைப்பைப் பிறர் நடத்திய வாத்தியக் குழுவோடு வாசித்தார். பியானோப் பகுதி முற்றாக எழுதப்பெறாமையால், அவர் தலையசைக்கும்வரை குழுவினர் காத்திருக்குமாறு குறிக்கப்பட்டிருந்தது. அன்று புகழ்பெற்றவர் வெள்ளையர். கறுப்பினப் பியானோ மேதையான ஜேம்ஸ் ஜோன்சனின் ‘யமக்ரோ’ 1928 ஆம் ஆண்டில் கார்ணகி மண்டபத்தில் ஒலித்தபோது, அவர் வர இயலாமையால் அவர் மாணாக்கர் ஃபாற்ஸ் வோலர் வாசித்தார். 1938 டிசம்பரிலேயே ஜோன்சன் அம்மண்டபத்து மேடையில் தாமே அமர்ந்து வாசித்தார்.

இக்கலை நம் நிலப்பகுதிக்கும் அயலானதன்று. கறுப்பினப் பியானோக் கலைஞர் டெடி வெதர்போர்ட் 1926 ஆம் ஆண்டில் கீழ்த்திசைக்குப் புறப்பட்டு, ஷங்காயிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாசித்து, 1945 ஆம் ஆண்டில் கல்கத்தாவிலேயே வாந்திபேதியால் மாண்டார். 1958 ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்த டேவ் புரூபெக், சென்னையில் மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணியபிள்ளையுடன் இணைந்து வாசித்தார். மொழியும் இராகமும் வேறாயினும் அவ்விருவரையும் இணைத்தது இலயமே.

ஆதலின் தனிப் பியானோக் கச்சேரியொன்றைக் கேட்க நேரும் மாணவர், முதலில் இடக்கையைத் தாளமாகக் கொண்டு கையிற் போட்டுப் பார்ப்பாராக. பின்னர் வலக்கை அத்தாளத்தை எங்கே முந்துகின்றது, எங்கே பிந்துகின்றது என நோக்குவாராக. கமகத்தைத் தேடி ஏமாறுவதை விடுத்து இலயத்தைத் தேடுவோர்க்கு, கருவியின் குறையையே கலையாக்கிய ஒரு மக்களின் மனோதர்மம் புலனாகும்.