மரத்தின் அடுப்பங்கரையில் அரிவாள்

ஆயிரக்கணக்கான அடுப்பு எரிகிற ஒரு கூட்டுக்குடும்பத்து அடுப்பங்கரையை எண்ணிக்கொள்ளுங்கள். கிணறு கீழே, அடுப்பெல்லாம் மாடியில். தண்ணீர் மேலே ஏறியபடி இருக்கிறது, ஆக்கிய சோறு கீழே இறங்கியபடி இருக்கிறது. தின்றது போக மிஞ்சியது குதிருக்குப் போகிறது. வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்கு மலையின் காலடியில் இருக்கும் மகாராஜபுரத்தில் ஒரு மாந்தோப்புக்குள் போய் நின்றால், ஒவ்வொரு மரமும் இப்படி ஒரு வீடுதான். இலை ஒவ்வொன்றும் அடுப்பு, வெயில்தான் விறகு. வேர் கொண்டுவரும் தண்ணீர் கட்டைக்குள் இருக்கும் நுண்குழாய்கள் வழியே ஏறுகிறது. இலையில் ஆக்கிய சர்க்கரை உட்பட்டை வழியே இறங்குகிறது. உயிருள்ள கட்டையும் வேரும்தான் குதிர். அங்கே அது மாவுச்சத்தாகச் சேர்ந்துகிடக்கும்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வழவழவென்று ஒரு மெல்லிய படலம் உண்டு. பச்சைக் கிளையில் பட்டையை உரித்தால் விரலில் ஒட்டும் ஈரம் அங்கிருந்து வருவது. அந்தப் படலம்தான் உள்பக்கம் புதுக் கட்டையையும் வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் உண்டாக்குகிறது. மரம் பருப்பது அதனால்தான். மரத்தில் ஏறிக் கிளை கழிப்பவர் கையில் பிடித்திருப்பது அரிவாளோ பவர் சாவோ, அவர் வேலை செய்வது இந்த வீட்டுக்குள். எந்த அடுப்பை அணைக்கிறார், எந்தக் குழாயை அடைக்கிறார், எந்தக் குதிரைத் திறந்துபோடுகிறார் என்பதில்தான் அந்த மரத்தின் அடுத்த முப்பது வருடம் இருக்கிறது.

நமக்குக் கை வெட்டுப்பட்டால் காயம் ஆறும்; பழைய தசை இருந்த இடத்தில் புதுத் தசை வரும். மரத்துக்கு அப்படி ஆறுவதே கிடையாது. வெட்டுப்பட்ட கட்டை வெட்டுப்பட்டதுதான். மரம் செய்வது வேறு வேலை. அடுக்குப் பானையில் ஒரு பானை கெட்டுப்போனால் அதைச் சரிசெய்ய யாரும் முயல்வதில்லை. வாயை இறுக்கி மூடி ஒதுக்கிவைத்து, மற்றப் பானைகளுக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வோம். மரம் செய்வது அதைத்தான். அமெரிக்க வனத்துறையில் வேலைபார்த்த அலெக்ஸ் ஷைகோ, பவர் சாவை எடுத்து ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து, உள்ளே அழுகல் எந்த வழியாகப் போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தார். 1977-இல் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் வெளியிட்ட விளக்கத்தின்படி, காயம்பட்ட மரம் நான்கு பக்கமும் சுவர் எழுப்புகிறது.

மேலும் கீழும் ஓடும் குழாய்களை அடைப்பது முதல் சுவர். நான்கில் பலவீனமானது இதுதான். அழுகல் நெடுக்காக நீண்டு ஓடி, கிளை ஒடிந்த இடத்துக்கு வெகு கீழே பொந்து விழுவது இதனால். மையத்தை நோக்கிப் போகாமல் தடுப்பது இரண்டாவது. பக்கவாட்டில் பரவாமல் தடுப்பது மூன்றாவது. நான்காவது சுவரைக் காயம்பட்ட பிறகு அந்த வழவழப்புப் படலம் புதிதாகக் கட்டுகிறது. வெட்டுக்கு முன்னால் இருந்த கட்டைக்கும் பின்னால் வளரும் கட்டைக்கும் நடுவே நிற்கிற வலுவான சுவர் அது. உள்ளே முழுக்கப் பொந்தான புளியமரம் சாலையோரத்தில் வருடந்தோறும் காய்த்துக்கொண்டு நிற்கிறதே, அதற்குக் காரணம் இந்த நான்காவது சுவர். கெட்ட பானை உள்ளே கிடக்கிறது. வெளியே புதுப் பானையில் சமையல் நடக்கிறது.

சுவர் எழுப்பக் குதிரில் இருப்பு வேண்டும். அதோடு, வெட்டு சரியான இடத்தில் விழ வேண்டும். ஒரு நல்ல கைக்கும் அவசரக் கைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்த இடத்தில்தான். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்து, தோல் சுருங்கினாற்போல ஒரு வளையம் தெரியும். அது கிளையின் பகுதி அல்ல, தண்டினுடையது. கெட்ட பானையை மூடுவதற்கான மூடியை மரம் அங்கேதான் தயாராக வைத்திருக்கிறது. தண்டோடு தண்டாக மழமழவென்று இழைத்து வெட்டினால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் மூடியும் சேர்ந்து போய்விடும். முழ நீளத்துக்கு முண்டு விட்டு வெட்டினாலோ, அந்த முண்டுக்கு மேலே அடுப்பே இல்லை, சோறு வராது. அது செத்து, அழுகலுக்கு வழியாகிவிடும். வளையத்துக்குச் சற்று வெளியே, வளையத்தைத் தொடாமல் வெட்ட வேண்டும்.

கனத்த கிளையை ஒரே வெட்டில் தள்ளவும் கூடாது. பாதி அறுபட்டதும் கிளை தன் எடையில் சாய்ந்து, தண்டின் பட்டையை நார்நாராக உரித்துக்கொண்டு இறங்கும். உரிந்து போவது சோறு இறங்கும் வழி. அதனால் முதலில் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்பக்கம் கொஞ்சம் அறுப்பு; அடுத்து அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குவது; மூன்றாவதாக, மிஞ்சிய முண்டை வளையத்தருகே எடுப்பது.

வெட்டிய இடத்தில் சாணம் பூசுவோர் உண்டு, பெயின்ட் அடிப்போர் உண்டு. மாமரத்தில் போர்டோ பசை தடவச் சொல்வது இங்கே வழக்கமான பரிந்துரை; மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த அது பூஞ்சாணத்தை மட்டுப்படுத்தும். ஆனால் தவறான இடத்தில் வெட்டிவிட்டு அதன்மேல் பூசும் எதுவும் மரத்தின் சுவரைக் கட்டித்தராது. பொந்துக்குள் சிமென்ட் போட்டு அடைப்பதும் ஒரு காலத்தில் உலகமெங்கும் நடந்தது. காற்றில் ஆடும் மரத்துக்குள் ஆடாத சிமென்ட் உராய்ந்து உராய்ந்து, உள்ளே எழுந்த சுவரையே உடைத்தது. இப்போது தேர்ந்த மரமருத்துவர் யாரும் அதைச் செய்வதில்லை. தெலங்கானாவில் மகபூப்நகர் அருகே இருக்கும் பில்லலமர்ரி ஆலமரத்துக்குக் கரையான் பிடித்தபோது, 2018-இல் பூச்சிமருந்து கலந்த நீரை ஆஸ்பத்திரி சலைன் போலச் சொட்டுச் சொட்டாகக் கிளைகளுக்குள் இறக்கினார்கள். சாய்ந்த கிளைகளுக்குத் தூண் கொடுத்தார்கள். உள்ளே கெட்டதை மீட்க யாரும் முயலவில்லை. பரவுவதைத் தடுத்து, எடையைத் தாங்கினார்கள். அதுதான் இந்தத் தொழிலின் எல்லை, பெருமையும் அதுதான்.

மரக்காரர்கள் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: "தம்பி, மழைக்கு முன்னாடி மொட்டையடிச்சு விட்டுருப்பா." வீட்டுக்காரருக்கு ஓட்டின்மேல் கிளை விழுமோ என்ற பயம், அது நியாயமான பயம். ஆனால் மொட்டையடிப்பது எல்லா அடுப்பையும் ஒரே நாளில் அணைப்பது. வீட்டில் அத்தனை பேருக்கும் பசி; குதிரில் இருப்பதை அள்ளியெடுத்து, வெட்டிய முனையெல்லாம் அவசர அவசரமாகத் தளிர் விடுகிறது. அந்தப் பசுமையைப் பார்த்து மரம் பிழைத்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்தத் தளிர்கள் உள்கட்டையிலிருந்து கிளம்பியவை அல்ல, மேலோட்டமாக ஒட்டியவை. நாலைந்து வருடத்தில் கை பருமனாகி, ஏதாவது ஒரு ஐப்பசிக் காற்றில் அப்படியே பிய்ந்து விழும். எதற்குப் பயந்து வெட்டினோமோ அதையே வளர்த்துவிட்டோம். நிழல் போன தண்டில் வெயில் நேராக அடித்துப் பட்டை வெடிக்கும். வெடிப்பில் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடும். பெரிய மரமானால் ஒரு வருடத்தில் கால்வாசி இலைக்குமேல் எடுக்கக் கூடாது என்பது உலகெங்கும் இத்தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. "அண்ணாச்சி, மொட்டை வேண்டாம், காஞ்சதையும் உரசுறதையும் எடுத்துத் தாரேன், காத்து ஊடாலே போயிரும்" என்று சொல்கிற ஆள் கிடைத்தால், அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

மாமரத்துக்குக் கவாத்து நேரம் அறுவடை முடிந்த ஆடி, ஆவணி. மாம்பூ முற்றிய கிளையின் நுனியில்தான் வரும். அப்போது வெட்டினால்தான் புதுத்தளிர் முற்றித் தை மாதத்துப் பூவுக்குத் தயாராகும். தள்ளிப்போட்டால் அந்த வருடத்துச் சப்பட்டை, பஞ்சவர்ண மாங்காயெல்லாம் வெட்டிய கிளையோடு போய்விடும்.

தென்னை முற்றிலும் வேறு வீடு. அங்கே உச்சியில் ஒரே ஒரு அடுப்பங்கரை, அதில் முப்பது முப்பத்தைந்து அடுப்பு. தண்டைப் பருக்கவைக்கும் வழவழப்புப் படலம் தென்னைக்குக் கிடையாது. ஆகவே நான்காவது சுவரும் கிடையாது. ஏறுவதற்காகத் தண்டில் கொத்திவைத்த படி, கொத்தியவர் காலத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கும். குருத்து போனால் மரமே போயிற்று. வருடத்துக்குப் பன்னிரண்டு, பதினான்கு மட்டைதான் புதிதாக வரும். ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு பாளை. பச்சை மட்டையை வெட்டினால் குலைக்குச் சோறு போடும் அடுப்பை அணைத்ததாகும். அந்த ஈரக் காயத்தின் வாசம் சிவப்புக் கூன்வண்டை அழைத்துவரும். வெட்டியே ஆகவேண்டுமானால் தண்டிலிருந்து நாலடி தள்ளி வெட்டச் சொல்கிறார்கள் வேளாண் துறையினர். அப்போது வண்டு அடிமட்டைக்குள் நுழைந்தாலும் குருத்துக்கு வந்துசேர முடியாது.

இந்த வேலைக்குப் பொழுது விடியும்போதே இறங்கிவிட வேண்டும். உச்சிக்கு மேல் மலையிலிருந்து காற்று இறங்கினால் மேலே நிற்பது ஆபத்து. ஏறுமுன் மரத்தைச் சுற்றிவந்து பார்ப்பதுதான் முதல் வேலை. மின்கம்பி எந்தப் பக்கம், பட்டுப்போன கிளை எது, அடியில் காளான் முளைத்திருக்கிறதா, கதண்டுக் கூடு இருக்கிறதா. மாமரத்தில் இலையைச் சேர்த்துத் தைத்துவைத்திருக்கும் முசுறு கடித்தால், இரண்டு கையும் தேவைப்படும் நேரத்தில் கை விட்டுப்போகும். கீழாள் இல்லாமல் நல்ல மரக்காரர் ஏறமாட்டார். கயிற்றைத் தளர்த்துவதும் இறுக்குவதும், வழியில் வருபவரை நிறுத்துவதும், மேலே ஒன்று ஆனால் இறக்குவதும் அவர் பொறுப்பு. இடுப்புப் பெல்ட்டும் தலைக்கவசமும் போடாமல் ஏறுவதை வீரம் என்று நாம் பாராட்டுவதை நிறுத்த வேண்டும்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு குடித்தனக்காரரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: சாம்பல்நிற மலையணில். ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் 1988-இல் அதற்காகவே அறிவிக்கப்பட்டது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமானது. கூடுமானவரை தரையில் இறங்காமல், கிளைவிட்டுக் கிளை தாவிப் போகிற உயிர் அது. அடிவாரத்து மாமரமும் புளியமரமும் அதற்குப் பாதை. இரண்டு மரம் கைகோத்திருக்கும் இடத்தில் ஒரு கிளையைக் கழித்தால் அந்தப் பாதை அறுந்துவிடும். கிளைக்கவட்டில் இலையும் சுள்ளியும் பந்தாகக் கிடந்தால் அது கூடாக இருக்கலாம். சட்டமும் அதைக் காக்கிறது. அந்த மரத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதே முறை.

வேலை இல்லாத நாளில் இந்தக் கைகள் சும்மா இருப்பதில்லை. கழித்த கட்டையில் நல்லதை ஒதுக்கி வைத்து மத்து கடைகிறவர்கள், சிரட்டையைத் தேய்த்து அகப்பை செய்கிறவர்கள் உண்டு. புளிய வைரக்கட்டை உலக்கைக்கும் கறிக்கடை அடிக்கட்டைக்கும் போகும். கிருஷ்ண ஜெயந்திக்கு உறியடியோடு வழுக்குமரம் நட்டால், எண்ணெயும் மாவும் பூசிய அந்தக் கம்பத்தின் அடியில் முதலில் வேட்டியை மடித்துக்கட்டுவது பெரும்பாலும் தென்னை ஏறுகிற இளவட்டங்கள்தான். மேலைநாடுகளில் இதையே தொழில்முறைப் போட்டியாக்கியிருக்கிறார்கள். 1976 முதல் நடக்கும் பன்னாட்டு மரமேறும் போட்டியில் வேகமாக ஏறுவது ஒரு சுற்று, எடைக்கயிற்றைக் குறிபார்த்துக் கிளைமேல் எறிவது ஒரு சுற்று. உச்சியில் காயம்பட்டுத் தொங்கும் ஆளாக ஒரு பொம்மையைக் கட்டிவைத்து, குறித்த நேரத்துக்குள் அதைப் பத்திரமாகத் தரைக்கு இறக்கச் சொல்வது இன்னொரு சுற்று. வத்திராயிருப்பிலோ ராஜபாளையத்திலோ அந்தக் கடைசிச் சுற்றை மட்டுமாவது ஒரு திருவிழாவில் நடத்தலாம். பரிசுக்காக ஒருமுறை பழகிய கயிற்று முடிச்சு, தோப்பில் ஒருநாள் மேலே மயங்கித் தொங்கும் அண்ணனை இறக்கக் கீழாளுக்கு உதவும்.